பிரேக்குக்கு விளக்கெண்ணெய்

முதலில் நான் உயிர் கொடுத்தது ஒரு பெட்ரோல் பம்புக்கு. அதுவும் ஊரில் சொட்டுப் பெட்ரோல் கிடைக்காத நாளில்.

ஜப்பான்காரன் எங்கள் மலாய்த் தீவுக்கு வந்து இரண்டாம் வருஷம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் பட்டாளம் குடியிருந்தது. கடிகாரங்கள் எல்லாம் டோக்கியோ நேரத்துக்கு மாறிவிட்டதால் விடியும் முன்பே ஏழு மணி அடித்தது. எனக்குப் பத்தொன்பது வயது. கையும் காலும் சும்மா இருக்காத வயது. அப்பா சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. கொடி மாறியும் அவருடைய நாற்காலி மாறவில்லை. என்னை நிப்பொங்கோ வகுப்பில் சேர்த்துவிட்டதும் அவர்தான். அவர்களுடைய பாஷை தெரிந்தவனை ரோட்டில் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். எனக்குப் பாஷை சீக்கிரம் ஒட்டும். ஆறு மாதத்தில் துபாஷி என்று முத்திரை குத்திய காகிதமும் வாங்கிவிட்டேன்.

அந்த வகுப்பில் வாத்தியார் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். துபாஷி என்பவன் அங்கே இல்லாத மனிதன். பேசுகிறவர் "நான்" என்றால் நீயும் "நான்" என்றே சொல்லவேண்டும். "அவர் இப்படிச் சொல்கிறார்" என்று இழுக்கக் கூடாது. நான் அதை நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

டத்தோ கெராமாட் ரோட்டை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மோட்டார் பட்டறை. அதன் வெள்ளைக்கார முதலாளி, குண்டு விழுந்த வாரமே, மேசைமேல் தேநீர்க் கோப்பையை வைத்தது வைத்தபடி கப்பலேறிவிட்டார். அதற்குப் பிறகு நடந்த கொள்ளையில் டயர், பேட்டரி, சங்கிலி எல்லாம் போயின. தூக்க முடியாததும் இன்னதென்று தெரியாததும்தான் மிஞ்சின. அந்த மிச்சத்தைத்தான் நான் சுவரேறிக் குதித்துக் கண்டுபிடித்தேன்.

பம்பு முன்வாசல் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தது. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கண்ணாடி உருளை, அதில் கேலன் கோடுகள். பக்கத்தில் முன்னும் பின்னும் ஆட்டுகிற நீளமான கைப்பிடி. நான் பிறந்த சமயத்துச் சாமானாக இருக்கவேண்டும். உள்ளே இருந்த தோல் வாஷர் முறுக்கிக் கருவாடாகியிருந்தது. அப்பாவின் பழைய சப்பாத்திலிருந்து ஒரு வட்டம் வெட்டித் தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டு மாட்டினேன். பித்தளை மூடியைப் புளி போட்டுத் தேய்த்தேன். அம்மா இரண்டு நாள் புளியைத் தேடினார். பெட்ரோலுக்குப் பதில் கிணற்றுத் தண்ணீர். கைப்பிடியை ஆட்ட ஆட்ட, கண்ணாடிக்குள் தண்ணீர் மெல்ல ஏறி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று கேலன். கூரை ஓட்டை வழியே வந்த வெயில் அதில் பட்டுச் சுவரெல்லாம் ஆடியது.

"யாருக்கு ஊத்திக் குடுக்கப் போற, தம்பி, இந்தத் தண்ணிய?"

பின்னால் ஒருவர் சாவிக்கொத்தோடு நின்றிருந்தார். அதே பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவர். என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். ஜெலுத்தோங்கில் ஒரு காப்பிக்கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் மனைவியோடு இருந்தார். பகல் முழுவதும் பட்டறையில் வந்து ஒளிந்துகொள்வார். அந்த மாதங்களில் உடம்பில் சத்துள்ள ஆண்களை ரோட்டிலேயே மடக்கி லாரியில் ஏற்றி, சயாமில் ரயில்பாதை போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போனவர்களிடமிருந்து கடுதாசி வந்ததாக நான் கேட்டதில்லை. அவருக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். பசி, குண்டு, வியாதி எதைப் பற்றிப் பேசினாலும் சிரிப்பார். சயாம் என்றால் மட்டும் எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வருவார்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டோம். துருப்பிடித்த திருகு ஜாக்கியை மணலும் செங்கல்தூளும் போட்டுத் தேய்த்து ஏறி இறங்க வைத்தோம். டயர்க் குழாய்க்கு ஒட்டுப்போடுகிற சின்ன அடுப்பு ஒன்று இருந்தது. அதன் இறுக்கிக்குப் புது மரக் கைப்பிடி செய்தோம். உபயோகம் என்று ஒன்றும் இல்லை. ஒட்டுப்போடக் குழாய் இல்லை, தூக்கக் கார் இல்லை. நின்றுபோன ஒரு சாமான் மறுபடி அசைவதைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். கிழங்கு தின்று சலித்த வயிற்றுக்கு அது வேண்டியிருந்தது.

என் வாயில் எப்போதாவது வீட்டுப் பேச்சு வந்துவிடும். "விளங்கேல்லை அண்ணே" என்பேன். "என்னலா வெளங்கல? வெளக்கு ஏத்தவா? ஒங்க யாழ்ப்பாணத் தமிழுக்கே ஒரு துபாஷி வெக்கணும் போலிருக்கு" என்பார். நட்டைக் கீழே போட்டுவிட்டால், "போடா வெளக்கெண்ணெ" என்பார். அதன் அர்த்தத்தை நான் கேட்டதில்லை. அடிக்கடி விளங்கவில்லை என்பதால் எனக்கு வைத்த பட்டப்பெயர் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பட்டறையின் கடைசியில், கித்தான் மூடிக் கல்மேல் உட்கார்ந்திருந்தது ஓர் அமெரிக்கக் கார். பதினைந்து வருஷப் பழசு. டயர் போய்விட்டது, முன்விளக்கு போய்விட்டது. ஆனால் எஞ்சின் இருந்தது. பெட்டியில் அதன் இங்கிலீஷ் கைப்புத்தகமும், கறையான் தின்றது போக, இருந்தது. நான் வாசித்துச் சொல்வேன். அவர், "அத எழுதினவன் இத களட்டிப் பாத்திருக்க மாட்டான்" என்று வேறு வழியில் கழற்றுவார். நாலு மாதம் அதோடு மல்லுக்கட்டினோம். ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெய்தான் அப்போது பெட்ரோல். ஒரு சின்ன டின் எங்கிருந்தோ கொண்டுவந்தார். பூட்டிய எஞ்சினைக் கிளப்பிப் பார்த்துவிடவேண்டும் என்று நான் குதித்தேன். சத்தம் ரோட்டுக்குக் கேட்கும், வேண்டாம் என்றார். இரண்டே நிமிஷம் என்றேன். ஒரு வாரம் இதையே பிடித்துக்கொண்டு நச்சரித்தேன். கடைசியில் ஒப்புக்கொண்டார்; அவருக்கும் ஆசைதான்.

நாலு நிமிஷம் ஓடவிட்டோம். கறுப்புப் புகை, பிண நாற்றம், ஆனால் ஓடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஜப்பானிய அதிகாரி ஒருவர் இரண்டு சிப்பாய்களோடு வந்து நின்றார். பட்டாளத்து லாரிகளைப் பார்க்கிறவர். நாங்கள் இடுப்பை வளைத்துக் கும்பிட்டோம். அவர் காரைச் சுற்றிவந்தார். பம்பைப் பார்த்து, கைப்பிடியை அவரே இரண்டு தடவை ஆட்டி, தண்ணீர் ஏறியதும் குழந்தைபோலச் சிரித்தார். பிறகு விசாரணை. எத்தனை வருஷ வேலை, எந்தெந்த வண்டி, கல்யாணம் ஆயிற்றா. "பொண்டாட்டி இருக்கா, அவளுக்கு இங்க வேற யாருமில்ல" என்றார் மெக்கானிக். நான் வாத்தியார் சொன்ன முறைப்படி, "எனக்கு மனைவி இருக்கிறாள், அவளுக்கு இங்கே வேறு யாருமில்லை" என்று ஜப்பானியில் சொன்னேன்.

அதிகாரி சொன்னது இதுதான். டயரும் எண்ணெயும் அவர் தருவார். பத்து நாளில் கார் அவரைத் தெற்கே பாயான் லெப்பாஸுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரவேண்டும். வந்தால் பட்டறையைத் திறந்து பட்டாள வேலை தருவார். மெக்கானிக்கின் கையில் கட்டிக்கொள்ள ஜப்பானிய எழுத்துப் போட்ட துணிப்பட்டி கிடைக்கும். அந்தப் பட்டி கட்டியவனை லாரியில் ஏற்றமாட்டார்கள். வராவிட்டால், இப்படிப்பட்ட நல்ல உடம்புக்குச் சயாமில் வேலை இருக்கிறது. அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அரிசி இல்லை, கிழங்கு இருக்கிறது என்று கடைக்காரர் சொல்வதுபோலச் சொன்னார்.

அவர்கள் போனதும் மெக்கானிக் அண்ணன் ஜாக்கிமேல் உட்கார்ந்துவிட்டார். சத்தம் வேண்டாம் என்றவர் அவர். கிளப்பவேண்டும் என்று நின்றவன் நான். அதைச் சொல்லிக்காட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. தன் மனைவியைப் பற்றி நான் என்னவோ நீளமாகச் சொன்னதுபோல இருந்ததே, என்ன அது என்றார். "எனக்கு மனைவி இருக்கிறாள்" என்று சொன்னதை விளக்கினேன். முறை அப்படி என்றேன். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்த முடியாமல் தரையில் சரிந்துவிட்டார். "எம் பொண்டாட்டி காதுல விழுந்துச்சு, ஒனக்கு இருக்கு செருப்படி" என்றார்.

ஆறு நாளில் எஞ்சின், கியர், சக்கரம் எல்லாம் தயார். பிரேக் மட்டும் பாக்கி. அந்தக் காரில் கம்பி பிரேக் இல்லை, எண்ணெய் பிரேக். மிதியை அழுத்தினால் குழாய்க்குள் எண்ணெய் போய்ச் சக்கரத்தை நெருக்கும். எண்ணெயைப் பிடித்துத் தள்ளுவது சின்னச் சின்ன ரப்பர் கிண்ணங்கள். திறந்து பார்த்தால் எண்ணெய் வற்றிப் பிசினாகியிருந்தது; கிண்ணங்கள் மட்டும் அதிர்ஷ்டவசமாக நல்லபடி இருந்தன. எந்த எண்ணெய் ஊற்றவேண்டும் என்று கைப்புத்தகத்தைப் புரட்டினேன். அந்தப் பக்கத்தில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. மிச்சப் பாதியில், கம்பெனி எண்ணெயைத் தவிர வேறெதுவும் ஊற்றக்கூடாது என்று மட்டும் இருந்தது.

"கம்பெனிக்காரன் இப்ப எங்க இருக்கான்?" என்றார் அவர். "வெளக்கெண்ணெதான் ஊத்தணும். சூட்டு ஊரு, கெட்டியாகாது, அதுவே போதும். அது மட்டும் கெடைச்சா வேல முடிஞ்சுது." இந்த ஊர்க் கடைகளில் இல்லை, அக்கரையில் சிம்பாங் அம்பாட்டில் மாமியார் வீட்டில் இருந்தாலும் இருக்கும், போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் வந்துவிடுகிறேன் என்று, அதிகாரி கொடுத்திருந்த அனுமதிச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படகேறப் போனார்.

இந்த இடத்தை நான் மெதுவாக எழுதவேண்டும்.

அவர் ஊரில் விளக்கெண்ணெய் என்றால் ஆமணக்கு விதையிலிருந்து எடுக்கிற எண்ணெய். பேதிக்குக் கொடுப்பார்களே, அது. எங்கள் வீட்டில் அதை ஆமணக்கெண்ணெய் என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லி நான் கேட்டதே இல்லை. விளக்கெண்ணெய் என்ற சொல் என் காதில் இரண்டு துண்டாக விழுந்தது: விளக்கு, எண்ணெய். மலாய்க்காரர்கள் மண்ணெண்ணெயை "மிஞ்ஞா லம்பு" என்பார்கள், விளக்கு எண்ணெய். இந்த ஊரில் எல்லோரும் மலாயைத் தமிழாக்கித்தானே பேசுகிறோம், இவரும் அப்படித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். மண்ணெண்ணெயும் அப்போது கிடைக்காத சாமான்தான். அதனால் அவர் அதைத் தேடி அக்கரைக்குப் போனதும் எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. நாலு பாஷை தெரிந்த புத்தி இரண்டு நிமிஷத்தில் இவ்வளவையும் கோத்துக்கொண்டது. ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் இருந்தது. அரிசிப் பானைக்குப் பின்னால், சீலைத்துணி சுற்றி, அவசரத்துக்கென்று அம்மா வைத்திருந்தார். நாங்கள் தேங்காயெண்ணெய்த் திரியோடு இருட்டில் தடவிக்கொண்டிருந்தோமே தவிர அதைத் தொட்டதில்லை. ஒரு மனிதர் சயாமுக்குப் போகாமல் இருக்கவேண்டுமென்றால் அது வேண்டும் என்றேன். அம்மா அரிசிப் பானையைத் திரும்பிப் பார்த்தார். "லாம்புக்கு விடுற எண்ணெயைக் காருக்கு விடுறதோ, தம்பி?" என்றார். மெக்கானிக்கே சொன்னது என்றேன். எடுத்துக் கொடுத்தார்.

எண்ணெய் பிரேக்கில் ஊற்றினால் மட்டும் போதாது. குழாயிலிருந்து காற்றை எடுக்கவேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் சக்கரத்தில் திருகைத் திறந்து மூடவேண்டும். அம்மாவையே சுவரின் இடிந்த பக்கமாக அழைத்துவந்து காரில் உட்காரவைத்தேன். முதல் தடவையாக ஒரு காரின் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்த அம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மிதி" என்றால் மிதித்தார், "விடு" என்றால் விட்டார். ஒரு மணி நேரத்தில் மிதி கல்லுப்போல நின்றது. நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் அந்த வருஷத்தில் வேறில்லை.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் ஒரு மூட்டைக் கிழங்கோடு வந்தார். காரில் ஏறி மிதியை ஒரு தடவை அழுத்தினார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஊத்திட்டியா? எங்கடா கெடைச்சுது?"

"வீட்டிலேயே இருந்தது, அண்ணே. வெளக்கெண்ணெ."

"வீட்டுலயே வெச்சிருக்கீங்களா? இந்தக் கிழங்க தின்னுட்டு யாருக்குலா வயிறு கட்டுது ஒங்க வீட்டுல?"

மண்ணெண்ணெய்க்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன். அவர் பையிலிருந்து ஒரு சின்ன மருந்து பாட்டிலை எடுத்து, "அப்ப இது மிச்சம்" என்று கைப்புத்தகத்தின் பக்கத்தில் அலமாரியில் வைத்தார். அதைத் திறந்து மோந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பட்டறை முழுக்க ரப்பர் எண்ணெய் நாற்றம் அடைத்துக்கிடந்ததால், நான் ஊற்றியதன் வாடை அவருக்கும் தெரியவில்லை. ஓட்டிப் பார்க்கவும் முடியாது. அதிகாரி தந்த எண்ணெய் டின் ஒரு பயணத்துக்குத்தான் காணும். கிண்ணம் தேய்ந்துவிடும், மிதியை யாரும் தொடக்கூடாது என்றார் மெக்கானிக் அண்ணன். மூன்று நாள் கார் அப்படியே நின்றது. உள்ளே ரப்பர் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் காலை அதிகாரி வந்தார். மெக்கானிக் அண்ணன் துவைத்த சட்டை போட்டிருந்தார். அதிகாரி முன்னால் அவருக்குப் பக்கத்தில். நானும் ஒரு சிப்பாயும் பின்னால். முதல் உதையிலேயே எஞ்சின் பிடித்தது. ரோட்டில் நின்றவர்கள் ஒதுங்கிக் கும்பிட்டார்கள். ஜெலுத்தோங்கில் காப்பிக்கடையைத் தாண்டும்போது ஒரு பெண் வாசலில் நிற்பது தெரிந்தது. அவர் தலையைத் திருப்பவில்லை. ஹாரனை மட்டும் சின்னதாக ஒரு தடவை அழுத்தினார். அதிகாரி அதைக் கவனிக்கவில்லை.

அங்கேயே ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தார், நின்றது. அதிகாரி தலையசைத்தார். மறுபடி கிளம்பியபோது எஞ்சின் முனகியது. இன்னும் இரண்டு இடத்தில் பிரேக் பிடிக்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் கார் கனத்துக்கொண்டே வந்தது, யாரோ பின்னால் தொங்குவதுபோல. கண்ணாடியில் அண்ணன் கண் என்னைத் தேடியது. குளுகோருக்குக் கொஞ்சம் முன்னால் கருகிய நாற்றம். சக்கரங்களிலிருந்து வெள்ளைப் புகை. கார் மெதுவாகி, தானே நின்றது. அவர் மிதியிலிருந்து காலை எடுத்திருந்தார், பிரேக் விடவில்லை.

இறங்கினோம். அவர் காலடிப் பலகையைத் தூக்கி, எண்ணெய் மூடியைத் திருகி, விரலை உள்ளே விட்டு மூக்கருகே கொண்டுபோனார்.

"தம்பி, இதுல என்ன ஊத்தின?"

"வெளக்கெண்ணெ."

"இது மண்ணெண்ணெடா."

"விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெய்தானே, அண்ணே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன்: வீட்டில் இருந்தது, வயிறு, நான் சிரித்தது. எனக்கும் அதே நேரத்தில்தான் விளங்கியது. அவர் ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லவில்லை. உப்பிப்போன ரப்பர், எண்ணெயைத் திரும்பவிடாமல் அடைத்துக்கொண்டது என்று, காரிடம் சொல்வதுபோல மெல்லச் சொன்னார்.

அதிகாரி வந்து அவரும் விரலை விட்டு மோந்தார். "செக்கியூ" என்றார். மண்ணெண்ணெய். மோட்டார் தெரிந்த மனிதர். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் பார்த்துக்கொண்டு கேட்டார்: இதை ஊற்றியது யார்?

கேள்வியைத் தமிழில் சொல்லவேண்டியது என் வேலை. "யார் ஊற்றியது என்று கேட்கிறார்" என்றேன்.

மெக்கானிக் அண்ணன் கையைச் சட்டையில் துடைத்தார். துவைத்த சட்டை அது. ரோட்டைப் பார்த்தார், நாங்கள் வந்த பக்கம். பிறகு சொன்னார்:

"நான்தான் ஊத்துனேன்னு சொல்லு."

நான் ஜப்பானியில் சொன்னேன்: "வாத்தாஷி கா இரேமாஷித்தா." நான்தான் ஊற்றினேன்.

அது உண்மை. அந்த ரோட்டில் அதைவிட உண்மையான வார்த்தை ஒன்றும் பேசப்படவில்லை. ஆனால் துபாஷி அங்கே இல்லாத மனிதன். அதிகாரி என் முகத்தைப் பார்க்கவேயில்லை; திரும்பி மெக்கானிக் அண்ணன் கன்னத்தில் இரண்டு அறை கொடுத்தார். நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டியிருக்கலாம். இன்னும் ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். வாயைத் திறந்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். திறக்கவில்லை.

மறுநாள் காலை ரயிலடிக்குப் போகும் கூட்டத்தோடு அவரும் போகவேண்டும், வழியில் ஓடினால் அவர் மனைவி பதில் சொல்லவேண்டும் என்றார் அதிகாரி. அதையும் நான்தான் தமிழில் சொன்னேன். சிப்பாய் அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தான். எனக்கு யாரும் ஒன்றும் சொல்லாததால், குளுகோரிலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன். எனக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் விளக்கெண்ணெய் என்று திட்டியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது.

அடுத்த வாரம் அவர் மனைவி பட்டறைக்கு வந்தார். உனக்குத்தான் அவர்கள் பாஷை தெரியுமே தம்பி, என்ன நடந்தது என்று கேட்டார். ரப்பர் பழசு அக்கா, தாங்கவில்லை என்றேன். அவர் நம்பினார்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கினார்கள். எலும்பும் புண்ணுமாக வந்து இறங்கியவர்களை ஒவ்வொருவராக அவர் மனைவி போய்க் கேட்டார். ஒருவர் சொன்னாராம்: ஒரு முகாமில் லாரி ரிப்பேர் பார்க்க அவரை எடுத்துக்கொண்டார்கள், அதனால் மற்றவர்களைவிட எட்டு மாதம் கூட உயிரோடு இருந்தார், பிறகு வாந்திபேதி. அதற்குமேல் அந்த ஆளுக்கும் தெரியவில்லை.

பட்டறைக்கு உரிமையாளர் என்று இதுவரை யாரும் வரவில்லை. நான் இப்போதும் போகிறேன். குளுகோரில் ரோட்டோரம் கிடந்த காரை, கழற்ற முடிந்ததையெல்லாம் ஊரார் கழற்றியபின், ஒரு மாட்டுவண்டிக்காரரைப் பிடித்து இழுத்துவந்தேன். பிரேக்கைத் திறந்தபோது கிண்ணங்கள் ஒன்றரை மடங்கு பருத்து, விரல் பட்டதும் களிபோல அமுங்கின. புதுக் கிண்ணங்கள் போன மாதம்தான் கிடைத்தன, மாட்டிவிட்டேன்.

போன வாரம் அவர் மனைவி வந்தார். சிம்பாங் அம்பாட்டில் தாய்வீட்டோடு இருக்கப் போகிறாராம். அவர் சாமான் ஏதாவது இருந்தால் கொடுக்கச் சொன்னார். சாவிக்கொத்து, ஒரு ஸ்பேனர், அவர் தலையில் கட்டுகிற துண்டு. அலமாரியிலிருந்து அந்த மருந்து பாட்டிலையும் எடுத்துவைத்தேன். அவர் அதைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இது எங்கம்மாகிட்ட வாங்கிட்டுப் போன வெளக்கெண்ணெதானே? இது எதுக்கு வாங்கினாரு, தம்பி?"

"பிரேக்குக்கு, அக்கா."

"அப்ப ஏன் ஊத்தாம வெச்சிருக்கீங்க?"

சொன்னேன். அம்மாவின் போத்தலிலிருந்து குளுகோர் ரோடு வரைக்கும் சொன்னேன். நான்தான் ஊற்றினேன் என்று, கேட்கிறவருக்கு யார் என்று சந்தேகம் வராத பாஷையில் சொன்னேன். அவர் நின்றபடியே கேட்டார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

பாட்டிலை மூடினார். சாவி, ஸ்பேனர், பாட்டில் எல்லாவற்றையும் அந்தத் துண்டிலேயே முடிந்துகொண்டார். வாசலில் பெட்ரோல் பம்பு அருகே நின்றார். அவர் செருப்பைச் சரிசெய்துகொண்டு ரோட்டில் இறங்கிப் படகுத்துறைப் பக்கம் நடந்தார்.

காரின் பிரேக்கில் இன்னும் எண்ணெய் ஊற்றவில்லை.